கென்ஜிக்கு நான் போர்த்திய பொன்னாடை

எனக்கு மூளை இருக்கிறது என்று நானே நம்பியிருந்த கடைசி நாள், தொண்ணூறுகளில் ஒரு சனிக்கிழமை. அன்று பின்னேரம் ரொறன்ரோவில் ஒரு மேடையில், முழு மண்டபமும் பார்த்திருக்க, அந்த நம்பிக்கையைப் போட்டு உடைத்தேன்.

அப்போது மாலதியைக் கட்டுவதற்கு அவளுடைய தகப்பனின் சம்மதம் மட்டும்தான் பாக்கி. ரொறன்ரோவின் வோபர்ன் பகுதியில் இருந்த அவளுடைய அப்பா சிவலிங்கம் அங்கிள் ‘பார்ப்பம்’ என்றே மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தார். (எங்கள் ஆட்களிடம் இதற்கு ‘இல்லை’ என்று பொருள், வாயால் சொல்லத்தான் மனம் வராது.) அவருக்குத் தவில் என்றால் பைத்தியம் என்று மாலதி சொன்னாள். நான் உடனே தவில் மேதையாகிவிட்டேன். தவிலில் எந்தப் பக்கம் தடி, எந்தப் பக்கம் கை என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

என்னோடு பக்டரியில் வேலை செய்த கென்ஜி ஒரு ஜப்பானிய மேளக் குழுவில் அடிப்பவன். தைக்கோ என்பார்கள். அவனிடம் முன்வரிசை ரிக்கெற் கேட்டு வாங்கி அங்கிளைக் கூட்டிப் போனேன். கையில் ஒரு சொப்பிங் பை. உள்ளே சரிகைக்கரை போட்ட பொன்னாடை. ஊர்த் திருவிழாவில் தவில்காரர் உச்சத்துக்குப் போய் ஓய்ந்ததும் பாய்ந்து போர்த்துபவன்தானே ரசிகன்!

மேளம் என்றால் தண்ணீர்த் தாங்கி அளவு மேளம். அவர்கள் அடிக்க என் விலா எலும்புகள் தனித்தனியே பதில் சொல்லின. நான் தொடையில் தாளம் போட்டபடி விளக்கம் கொடுத்தேன்.

“அங்கிள், உது எங்கடை ஆதிதாளம். களவெடுத்திட்டாங்கள்.”

“தம்பி, கொஞ்சம் பேசாமல் இரும். கேப்பம்.”

திடீரென்று எல்லாம் நின்றது. ஒருவரும் கைதட்டவில்லை. (ரசனை கெட்ட சனம்!) பையோடு எழுந்தேன்.

“எங்கை போறீர்?”

“மரியாதை செய்யப் போறன், அங்கிள்.”

“இன்னும் முடியேல்லை ஐசே, இரும்!”

அந்த அமைதியில் என் பையின் சரசரப்பு மேளத்தைவிடப் பலமாகக் கேட்டது. மேடையில் கென்ஜி இரண்டு தடிகளையும் தலைக்கு மேலே தூக்கியபடி சிலையாக நின்றான். பொன்னாடைக்கு வாகாகத்தான் நிற்கிறான் என்று எண்ணி, தூக்கிய கைகளுக்கு மேலாகப் போர்த்தினேன். அந்தக் கணம் பார்த்துக் குழுத்தலைவர் “ஹோ!” என்று கத்த, தடிகள் பொன்னாடையையும் இழுத்துக்கொண்டு மேளத்தில் இறங்கின. மற்ற மேளங்கள் இடியாய் முழங்க, கென்ஜியின் மேளம் மட்டும் தலையணையில் குத்தியதுபோல ‘பொத்’ என்றது. சபை விழுந்து விழுந்து சிரித்தது. என்னை நிகழ்ச்சியின் கோமாளி என்று நினைத்துவிட்டார்கள். பிழையாக நினைக்கவில்லை.

இறங்கி வந்தால் அங்கிளின் கதிரை காலி. பின்வரிசைக்கு மாறியிருந்தார். பக்கத்திலிருந்த வெள்ளைக்காரி ‘அவர் உங்கள் சிநேகிதரா?’ என்று கேட்க, ‘நோ’ என்றாராம். அப்பா கனடா வந்து தயங்காமல் பேசிய முதல் ஆங்கிலம் அதுதான் என்று மாலதி இன்றைக்கும் சொல்லுவாள்.

திங்கட்கிழமை கென்ஜி குனிந்து வணங்கி, துவாய்க்கு நன்றி சொன்னான். வேர்வை துடைக்க அருமையாம்.

எப்படியோ அங்கிள் சம்மதித்தார். இப்போதெல்லாம் எங்கள் வீட்டு விசேஷங்களில் யாருக்காவது பொன்னாடை போர்த்துவதென்றால், முதலில் என்னைக் கதிரையோடு அமத்திப் பிடித்துக்கொள்வார்கள். அப்படி ஒருநாள் பிடிபட்டிருந்தபோது துணிந்து கேட்டேன்.

“மாமா, அந்தக் கூத்துக்குப் பிறகும் ஏன் எனக்குப் பொம்பிளை தந்தனீங்கள்?”

அவர் வடையைக் கடித்தபடி சொன்னார்:

“வெக்கமில்லாதவன் இந்த நாட்டிலை பிழைச்சுக்கொள்ளுவான்.”