எழுபது என்று சொல்லித் தொலைத்தேன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மருமகளைப் பெற்றவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் அனைவரும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். பிள்ளைகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை என்ற செய்தி தங்கள் காதுக்கு எட்டிவிட்டதாம். பதறிப்போய்ப் புறப்பட்டுவிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது, என்ன வேகத்தில் என்று அளப்பதுதான் இருவருக்கும் உத்தியோகம் என்பது தாங்கள் அறிந்ததே. என் மகள் வெடிக்கும் நட்சத்திரங்களின் வெளிச்சத்தை வைத்து அளந்து எழுபத்துமூன்று என்கிறாள். மாப்பிள்ளை, பிரபஞ்சம் பச்சைக் குழந்தையாக இருந்த காலத்து ஒளியை வைத்துக் கணக்குப் போட்டு அறுபத்தேழு என்கிறார். உலகம் பூராவும் இந்தத் தகராறு இருக்கிறதாம். ஆனால் அவர்களெல்லாம் ஒரே வீட்டில் குடியிருக்கவில்லை. போன வாரம் ஆய்வுக்கூடக் கூட்டத்தில், எல்லோர் முன்னாலும் மாப்பிள்ளை எழுந்து, "நடுவில் இருக்கிற தூசியைச் சரியாகக் கழிக்காமல் விட்டிருக்கலாமே?" என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டது விண்வெளித் தூசியை. இவள், "வீட்டைப் பெருக்குறது யாருங்கறதையும் இங்கேயே பேசிடலாமா?"ன்னு கேட்டுட்டா. அன்னையிலிருந்து மாப்பிள்ளை தலையணையோட புத்தக அறைக்குப் போயிட்டார். சாப்பாட்டு மேசையில இவ, "அப்பா, உப்பு வேணுமான்னு அவர்கிட்ட கேளுங்க"ம்பா. கைக்கெட்டுற தூரத்துல இருந்துகிட்டு அவர், "வேண்டாம்னு சொல்லுங்க மாமா"ம்பார். ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பி எனக்குக் கழுத்து பிடிச்சுக்கிச்சு.

முதலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் நடுவுல உட்கார்ந்து சம்பளத் தகராறு தீர்த்தே தலை நரைச்சவன் நான், சும்மா இருக்க முடியுமா? நேத்து காலையில காபியை வச்சுக்கிட்டு, "ஆறுதானே வித்தியாசம்? நீ மூணு இறங்கு, மாப்பிள்ளை மூணு ஏறட்டும். எழுபதுன்னு முடிச்சுக்கலாம்"னேன்.

"எழுபதா!"ன்னு ரெண்டு பேரும் ஒரே குரல்ல அலறினாங்க.

"இது என்ன போனஸா மாமா, பேரம் பேச? எங்க ரெண்டு பேர் அளவுலயும் எழுபது வர வழியே இல்ல"ன்னார் மாப்பிள்ளை.

"அவர் சொல்றது சரிப்பா"ன்னா இவ. சொன்னதும் அவளே திகைச்சுப் போயிட்டா.

அப்புறம் எனக்குப் புரிய வைக்கறேன்னு அவர் பேனாவை எடுக்க, இவ காகிதத்தை நகர்த்த, என் காபி ஆறியே போச்சு. "அப்போ நாமளும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் விலகிட்டே இருக்கோமா?"ன்னு கேட்டேன். "ரொம்பத் தூரத்துல இருக்கறதுதான்ப்பா விலகும். பக்கத்துல இருக்கறது ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிச்சுக்கும்"னு சொல்லிட்டு அவரைப் பார்த்தா. அவர் நாற்காலியை இந்தப் பக்கமா இழுத்துப் போட்டுக்கிட்டு, "உன் தூசிக் கணக்கை ஒரு தடவை பார்க்கட்டுமா?"ன்னார். "பாருங்க. உங்க கணக்கை நான் பார்க்கறேன்"னா. எனக்குக் கண் கலங்கிடுச்சு, சம்பந்தி. நான் சொன்ன எண் தப்பாவே இருக்கட்டும், தலையணை இருந்த இடத்துக்கே வந்துடுச்சு.

ஆகவே தாங்கள் சிரமப்பட்டுப் பயணம் செய்ய வேண்டாம். இருந்த இடத்திலிருந்தே பிள்ளைகளை ஆசீர்வதித்தால் போதும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் அன்பு.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி

பி.கு.: உறையில் போடுமுன் என் சம்சாரத்துக்கு இதைப் படித்துக் காட்டினேன். "என்ன இருந்தாலும் மாப்பிள்ளை சொல்ற அறுபத்தேழுதான் சரி"ன்னா. "பெத்த பொண்ணு சொல்றது தப்பா?"ன்னேன். இப்போ நாங்க ரெண்டு பேரும் பேசறதில்ல. பிள்ளைங்க சமரசம் பண்ணிப் பார்த்துக் கைவிட்டுட்டாங்க. அடுத்த ரயிலிலேயே புறப்பட்டு வாருங்கள். வந்ததும், என் மூக்குக்கண்ணாடியை எங்கே வைத்தாள் என்று அவளிடம் கேட்டுச் சொல்லவும்.