ஹீட்டருக்குள் குடியிருந்த சாத்தான்

அந்த வருஷம் ஏப்ரலில் தொடங்கி அக்டோபருக்குள் டஸ்கர் ஸ்பிரிங்ஸ் ஊரில் சாத்தானுக்கு ஏகப்பட்ட குடித்தனம். வேறெங்கும் இடம் கிடைக்காத மாதிரி, வீட்டுக்கு வீடு ஏர்கண்டிஷன் குழாய்க்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பாதாள நெருப்பில் பிறந்து வளர்ந்தவனாக இருந்தாலும், வடக்கு ஃப்ளோரிடாவின் புழுக்கத்தை அவனால் மட்டும் எப்படித் தாங்க முடியும், சொல்லுங்கள்?

இந்தக் குடியேற்றத்தைக் கண்டுபிடித்த மகான் பிரதர் ராய்ஸ் டில்லரி. வெள்ளைக் கோட்டு, வெள்ளை வேன், வேனின் பக்கவாட்டில் 'பரலோக சுவாசம்' என்று தங்க எழுத்து. அவர் ஒரு வீட்டுக்கு வருகிறார் என்றால் அந்தத் தெருவே மடக்கு நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு புல்தரையில் கூடிவிடும். ஆளுக்கொரு தம்ளர் ஐஸ் போட்ட இனிப்புத் தேநீர், மடியில் அவித்த வேர்க்கடலை. சாத்தானை விரட்டுவதைப் பார்க்க வந்தவர்களா, பேஸ்பால் பார்க்க வந்தவர்களா என்று புதிதாகப் பார்ப்பவனுக்குத் தெரியாது.

பிரதர் நேராகக் கூடத்துச் சுவருக்குப் போவார், கூட்டமும் பின்னாலேயே உள்ளே வரும். அங்கேதான் குளிரையும் சூட்டையும் கூட்டிக் குறைக்கிற சின்னப் பெட்டி இருக்கும். அதன் நெற்றியில் ஒரு சொட்டு எண்ணெய் தடவுவார். கண்ணை மூடி, முகத்தை வானத்துக்கு உயர்த்தி, "ஆண்டவரே!" என்று உறுமுவார். எல்லோரும் வானத்தைப் பார்க்கிற நேரத்தில் அவருடைய விரல் மட்டும் பூமியில் வேலை பார்க்கும்: 'குளிர்' என்று இருந்த பொத்தானை 'சூடு' என்று தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் கூரையில் காற்று வருகிற துவாரங்கள் வழியாக ஒரு கருகல் நாற்றம் இறங்கும். "கந்தகம்!" என்று அலறுவார் பிரதர். "பாதாளத்தின் கந்தகம்!" கூட்டம் 'ஆமென்' போடும். ஒருத்தி மயங்கி விழுவாள், அடிபடாதபடி சோபாவில்தான். பிரதர் கால் மணி நேரம் தொண்டை கிழிய ஜெபிப்பார். நாற்றம் போய்விடும்.

"போயிட்டான். ஆனா திரும்பி வருவான்" என்பார், கைக்குட்டையால் முகம் துடைத்தபடி. வராமல் இருக்க ஒரே வழி, அவர் அபிஷேகம் பண்ணி விற்கிற பரலோக சுவாசம் ஏர்கண்டிஷன் மெஷின். விலை கடையில் விற்பதைப் போல மூன்று மடங்கு. பரலோகத்திலிருந்து இறங்கி வர வண்டிக் கூலி ஆகாதா?

சரி, சாத்தான் எங்கிருந்து வந்தான் என்று கேட்கிறீர்களா? இந்த ஊரில் குளிர் என்பது சில வாரத்துச் சங்கதி. மெஷினுக்குள் இருக்கிற மின்சார ஹீட்டர் கம்பி மற்ற மாதமெல்லாம் சும்மா கிடந்து தூசி சேர்த்துக்கொள்ளும். டிசம்பரில் முதல் தடவை போடும்போது அந்தத் தூசி கருகும். வருஷா வருஷம் எல்லா வீட்டிலும் இதே நாற்றம் வரும். வருஷா வருஷம் இதே ஜனங்கள்தான் ஜன்னலைத் திறந்துவிட்டு, "தூசி கருகுது" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போவார்கள். வெள்ளைக் கோட்டுக்காரர் ஒருவர் வந்து அதற்குக் கந்தகம் என்று பெயர் வைத்ததுதான் தாமதம், ஊரிலிருக்கிற அத்தனை மூக்கும் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டது!

ஒரு மூக்கு மட்டும் வாங்கவில்லை. அது வோண்டா கிரட்ச்ஃபீல்டுடையது. வீட்டின் முன்னறையில் பார்லர் வைத்து ஊர்ப் பெண்களுக்கு முடி சுருட்டுகிறவள். தலைக்கு மேல் கவிழ்க்கிற ட்ரையரை நாலு வாரம் போடாமல் வைத்துவிட்டு மறுபடி போட்டால் இதே நாற்றம்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். ட்ரையருக்குள் சாத்தான் இருப்பதாக இதுவரை எந்த வாடிக்கைக்காரியும் ஜெபம் பண்ணச் சொன்னதில்லை.

ஆனால் வோண்டாவுக்குச் சிரிக்கிற நிலைமை இல்லை. அவள் புருஷன் ஹார்லன் முப்பது வருஷம் மரம் அறுக்கும் ஆலையில் நின்று நுரையீரலைக் கெடுத்துக்கொண்டவன். வீடு குளிர்ச்சியாகவும் ஈரம் இல்லாமலும் இருந்தால்தான் இவருக்கு மூச்சு என்று டாக்டர் சொல்லியிருந்தார். செப்டம்பரில் அவர்கள் வீட்டு ஏர்கண்டிஷனின் வெளிப்பெட்டி செத்துப்போனது. உள்ளே விசிறி சுற்றும், ஹீட்டர் வேலை செய்யும், குளிர் மட்டும் வராது. அன்றிலிருந்து ஹார்லன் மேஜை விசிறிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே தூங்குகிறான். படுத்தால் மூச்சு முட்டுகிறது.

வோண்டா பக்கத்து ஊர்க் கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வந்திருந்தாள். வீட்டின் அளவு, ஜன்னல்கள், கூரைக்கடியில் சூட்டைத் தடுக்கப் பஞ்சு அடைத்திருக்கிறதா என்று எல்லாம் கேட்டுக்கொண்டு கடைக்காரி சொன்னாள்: இருப்பதிலேயே சாதாரண மூன்று டன் மெஷின், மின்சார ஹீட்டரோடு, போதும். சில வாரக் குளிருக்கு அதற்கு மேல் செலவு வீண். பெரிசாக வாங்கினால் சட்டென்று குளிர வைத்துவிட்டு நின்றுவிடும், காற்றிலிருக்கிற ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரமே இருக்காது.

ஹார்லன் கேட்டால்தானே!

"பக்கத்து வீட்டு டீக்கன் ஹோலிஸ், பிரதர்கிட்டதான் வாங்கினான். அஞ்சு டன்" என்றான்.

"அந்த வீட்டுக் குளியலறைச் சுவத்துல பூஞ்சை பூத்து நிக்குது. அதையும் பார்த்தியா?"

"அது அவன் பொண்டாட்டி எர்லீன் சுத்தம் பண்ணாததால."

"ஏன்யா, உன் வீட்டுக்கு அஞ்சு டன் எதுக்கு? நாம என்ன மாட்டுக்கறியா தொங்கவிடப் போறோம்?"

ஹார்லன் சிரிக்கவில்லை. சிரிக்க மூச்சு வேண்டும். "வோண்டா, நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. நீ தூசி தூசிங்கறே. உக்காந்திருக்கறது யாருன்னு எனக்குத்தான் தெரியும்."

வோண்டாவுக்கு அழுகை வந்தது. அதைவிட அதிகமாகக் கோபம் வந்தது. சாகப் பயப்படுகிறவனிடம் போய் சாத்தானை விற்கிறானே, பாவி! இருக்கிற சேமிப்பு ஒரு மெஷினுக்குத்தான் வரும். அது தப்பான மெஷினாகப் போனால் பார்லர் அடகுக்குப் போகும், ஹார்லன் அந்த ஈரத்திலேயே மூச்சுத் திணறிக் கிடப்பான்.

"சனிக்கிழமை பிரதரை வரச் சொல்லிட்டேன்" என்றான் ஹார்லன்.

"வரட்டும். நாத்தம் வந்தா அவர் மெஷினையே வாங்கு, நான் வாயைத் திறக்கல. வரலேன்னா நான் சொல்றதை வாங்கணும். சத்தியம் பண்ணு."

"வராம எங்க போகும்? சத்தியம்."

வெள்ளிக்கிழமை ஹார்லனின் தம்பி வந்து அவனை டாக்டரிடம் கூட்டிப் போனான். கார் திரும்பியதும் வோண்டா எல்லா ஜன்னலையும் திறந்தாள். ஹீட்டரைப் போட்டாள். சாத்தான் சகல மரியாதைகளோடும் எழுந்தருளினான். கூடமெல்லாம் கருகல். வோண்டா ஜெபம் எதுவும் சொல்லவில்லை, வாசற்படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். சாயம் காய்வதற்குள் சாத்தான் ஓடிவிட்டான். அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தாள். சூடு வந்தது, வேறொன்றும் வரவில்லை.

சனிக்கிழமை கூட்டம் அலைமோதியது. சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்துகிற டீக்கன் ஹோலிஸ் முதல் வரிசை. அவன் மனைவி எர்லீன் அவனுக்கும் முன்னால். பிரதர் எண்ணெய் தடவினார், உறுமினார், விரல் வேலை செய்தது. எல்லோரும் மூக்கை விடைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

சூடான காற்று வந்தது. ஏற்கெனவே வெளியே கொதிக்கிற நாள், உள்ளே ஹீட்டர் வேறு. கூட்டம் வியர்த்து ஊற்றியது. பிரதரின் வெள்ளைக் கோட்டு முதுகோடு ஒட்டிக்கொண்டது. நாற்றத்தைக் காணோம். வியர்வை நாற்றத்தைக் கணக்கில் எடுக்கவில்லை.

"பதுங்கியிருக்கான்" என்றார் பிரதர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

எர்லீனால் பொறுக்க முடியவில்லை. "எனக்கு வருது! கந்தகம்! ஐயோ, கண்ணு எரியுது!"

"சிஸ்டருக்கு ஆவியின் வரம் இருக்கு!" என்று பிரதர் பாய்ந்து பிடித்துக்கொண்டார். அடுத்த நொடி பின்வரிசையில் ஒருவருக்கு வந்தது. அவருக்கு வந்தபின் அவர் மச்சானுக்கு வராமல் இருக்க முடியுமா? அரைக் கூட்டத்துக்கு நாற்றம் வந்துவிட்டது. ஹார்லன் கூட மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு வோண்டாவைப் பரிதாபமாகப் பார்த்தான். அவனுக்கு ஒன்றும் வரவில்லை. தன் மூக்கும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டான், பாவம்.

வோண்டா எழுந்தாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. நேத்து நான் ஹீட்டரைப் போட்டு இருந்த தூசியெல்லாம் கருக்கித் தள்ளிட்டேன். இங்க இப்ப ஒரு நாத்தமும் இல்ல. எர்லீன், நீ எதை மோந்தே?"

எர்லீன் சமையலறைப் பக்கம் கை காட்டினாள். "யாரோ... யாரோ ரொட்டியைக் கருக விட்டுட்டாங்க போல."

"அடுப்பே பத்த வைக்கலடி!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஆனால் பிரதர் லேசுப்பட்ட ஆளா? இரண்டு கையையும் விரித்தார். "பிரியமானவர்களே! நான் வர்றேன்னு தெரிஞ்சு முந்தின நாளே ஓடிட்டான்! ஆனா வெறும் மெஷினுக்கு அவன் திரும்பி வருவான். நான் அபிஷேகம் பண்ணின மெஷினுக்குள்ள மட்டும் அவன் ஜென்மத்துக்கும் கால் வைக்க மாட்டான். என் வாக்கு இது!"

"அப்படியா? டீக்கன் வீட்ல ஏப்ரல்ல போட்டீங்களே, அங்க போய்ப் பார்த்துடலாமா?" என்றாள் வோண்டா.

பிரதருக்கு உடனே நேரமாகிவிட்டது. வேறொரு ஊரில் வேறொரு சாத்தான் காத்திருக்கிறானாம். அவர் நழுவியிருப்பார். கெடுத்தது டீக்கன் ஹோலிஸின் பெருமைதான்.

"தாராளமா வாங்க! ஏப்ரல்லேர்ந்து ஹீட்டரைத் தொட்டதே இல்ல. என் வீட்ல ஒரு நாத்தமும் வராது" என்று நெஞ்சை நிமிர்த்தி, பிரதரின் தோளில் கைபோட்டு இழுத்துக்கொண்டே போனான். கூட்டம் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனது. ஹார்லன் நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கி, வோண்டாவின் தோளைப் பிடித்தபடி கடைசியாகப் போய்ச் சேர்ந்தான்.

ஹோலிஸே பொத்தானைத் தள்ளினான். ஜம்மென்று நின்றான். விசிறி சுற்றியது. சூடு வந்தது. சூட்டோடு சேர்ந்து சாத்தானும் வந்தான். கோடை முழுக்கச் சேர்ந்த தூசி அல்லவா, எர்லீன் சுத்தம் பண்ணாத வீட்டுத் தூசி வேறு! வீடே கருகியது. முன்வரிசை இருமிற்று.

எர்லீன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள். "ஹோலிஸ், என்ன பண்ணித் தொலைச்சே?"

"நானா? நான் என்னடி பண்ணினேன்?"

"இந்த வீட்ல ஒரு மறைவான பாவம் இருக்கு..." என்று ஆரம்பித்தார் பிரதர், கதவுப் பக்கம் நகர்ந்தபடி.

"யோவ், பாவமா? என் வீட்லயா? நான் டீக்கன்யா!"

அப்போதுதான் ஹார்லன் கை தூக்கினான். எல்லோரும் அடங்கினார்கள். மூச்சு விட்டு மூச்சு விட்டுத்தான் அவனால் பேச முடியும். "பிரதர், ஒண்ணே ஒண்ணு. உங்க அபிஷேக மெஷினுக்குள்ளயும் சாத்தான் வருவான்னா, நான் ஏன் அதை வாங்கணும்? இது சாத்தானே இல்ல, வெறும் தூசின்னா... அப்பவும் நான் ஏன் அதை வாங்கணும்?"

பிரதர் வானத்தைப் பார்த்தார். விரல் மட்டும் கதவுப் பிடியைத் தேடியது.

ஹோலிஸ் அலமாரிக் கதவைத் திறந்து, உள்ளேயிருந்த மெஷினின் மேல் ஒட்டியிருந்த தங்க எழுத்துத் தாளைப் பிடித்து இழுத்தான். அதற்கடியில் கம்பெனியின் சாதாரணத் தகடு இருந்தது. வோண்டா எட்டிப் பார்த்தாள். பக்கத்து ஊர்க் கடைக்காரி காட்டிய அதே கம்பெனி, அதே மலிவு ரகம். அளவு மட்டும் பெரிசு.

"டில்லரி!" என்று ஹோலிஸ் கர்ஜித்துத் திரும்பினான். பிரதர் பட்டம் அந்த நொடியே உதிர்ந்துவிட்டது. டில்லரி வேனில் ஏறியாகிவிட்டது. டீக்கன் பின்னாலேயே ஓடி, டீக்கன்கள் சொல்லக்கூடாத வார்த்தைகளையெல்லாம் தெருமுனைவரை சொன்னான்.

ஹார்லன் வாக்குத் தவறவில்லை. அடுத்த வாரம் அந்த மலிவு மூன்று டன் மெஷின் வந்து உட்கார்ந்தது. அலட்டல் இல்லை, அவசரம் இல்லை, நிதானமாக ஓடியது. பின்சுவர்க் குழாய் வழியாக வீட்டின் ஈரமெல்லாம் தண்ணீராகக் கொட்டியது. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஹார்லன் கட்டிலில் நீட்டிப் படுத்து மத்தியானம் ஒரு தூக்கம் போட்டான். வோண்டா பார்லரிலிருந்து நாலு தடவை வந்து, அவன் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுப் போனாள். கடைசித் தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திருந்திவிட்டது என்று நினைக்கிறீர்களா? அன்று சாயங்காலம் எர்லீன் பெக்கான் கொட்டை போட்டுச் சுட்ட இனிப்புப் பலகாரத்தைச் சுடச்சுடத் தட்டில் ஏந்திக்கொண்டு பார்லர் வாசலில் வந்து நின்றாள். குரலில் அப்படியொரு பக்தி.

"சிஸ்டர் வோண்டா, அந்த டில்லரி திருட்டுப் பயல்தான், ஒத்துக்கறேன். ஆனா வெள்ளிக்கிழமை உங்க வாசற்படியை நான் ஜன்னல் வழியாப் பார்த்துட்டுத்தானே இருந்தேன்! ஒரு ஜெபம்கூட இல்லாம வெறும் நகத்துக்குச் சாயம் பூசியே சாத்தானை விரட்டிட்டீங்களே! உங்களுக்கு நிஜமாவே வரம் இருக்கு. எங்க வீட்டுக்கு வந்து அந்தப் பெட்டி மேல ஒரு தடவை கை வைங்களேன்."

வோண்டா பலகாரத் தட்டை வாங்கி மேஜையில் வைத்தாள். எர்லீனைத் தோளைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். அவள் உச்சந்தலையில் கையை வைத்தாள்.

"இங்கதான் வைக்கணும், எர்லீன். இதுக்குள்ளயும் ஒரு மெஷின் இருக்கு. நீ போட்டதே இல்ல. இன்னிக்குப் போட்டுப் பாரு. முதல்ல கொஞ்சம் கருகல் நாத்தம் வரும், பயந்து அணைச்சுடாதே!"