விரிப்பு அத்தை வருகிறாள்

பரிசு கொடுப்பவர்களில் இரண்டு இனம் உண்டு. கொடுத்துவிட்டு மறந்துபோகிறவர்கள் ஓர் இனம். இவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. ஆகையால் இவர்களைப் பற்றி எழுதவும் ஒன்றுமில்லை. கொடுத்த பொருள் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, நாலு பேர் கண்ணில் படுகிறமாதிரி இருக்கிறதா என்று பார்க்க அதன் பின்னாலேயே வருகிறவர்கள் இன்னோர் இனம். அதிலும் கடையில் வாங்கிக் கொடுத்தவர்கள் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு விட்டுவிடுவார்கள். தன் கையாலேயே செய்து கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, ஐயோ, அவர்களிடமிருந்து தப்ப வேண்டுமானால் வீடுதான் மாற வேண்டும். புது வீட்டுக்கும் ஒன்று செய்து எடுத்துக்கொண்டு வருவார்கள் என்பது வேறு விஷயம்.

உங்களுக்கும் அப்படி ஒருவரைத் தெரியும். இல்லையென்று சொல்லாதீர்கள். எனக்குத் தெரிந்தவளுக்கு உறவுக்குள் வைத்திருக்கும் பெயர் விரிப்பு அத்தை. தபால் அலுவலகத்தில் முப்பது வருஷம் முத்திரை குத்திவிட்டு ஓய்வு பெற்றவள். குத்திப் பழகிய கை சும்மா இருக்குமா? கித்தான் துணியில் பெயிண்ட் அடித்துத் தரைவிரிப்பு செய்யக் கற்றுக்கொண்டது.

கித்தானை அளந்து வெட்டி, சுருக்கம் போக நீவி, பிரைமர் இரண்டு கை அடித்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பென்சிலால் கட்டம் போட்டு, கட்டத்துக்கு ஒரு நிறமாகத் தீட்டி, ஓரத்தை மடித்து ஒட்டி, அதற்குமேல் வார்னிஷ் நாலு கை, ஒவ்வொரு கைக்கும் ஒரு முழுநாள் காய விட்டு, ஆக ஒரு விரிப்பு முடிய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் அது கூடத்தின் நடுவில்தான் காயும். மாமா சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நடப்பார். சாப்பாடு படுக்கையறையில். ஒருமுறை, "நம்ம வீட்டுக்கு ஒண்ணு போடேன்" என்று கேட்டார். "பாப்போம்" என்றாள் அத்தை. அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது.

கொடுக்கிற அன்று அத்தையைப் பார்க்க வேண்டுமே! வாயெல்லாம் பல். விரிப்பு ஒரு கையில், விதிமுறைகள் வாயில். "ஈரக்காலோட ஏறாதீங்க. நாற்காலியை இழுக்காதீங்க. வெயில் படற இடத்துல போடாதீங்க. செருப்பு கூடவே கூடாது. முக்கியமா மடிச்சு வெக்காதீங்க, சுருட்டித்தான் வெக்கணும். மடிச்சீங்கன்னா பெயிண்ட் வெடிச்சிடும்." வாங்கிக்கொண்டவர்கள் பிறந்த குழந்தையை ஏந்துகிறமாதிரி ஏந்திக்கொண்டு நிற்பார்கள்.

பிறகுதான் விஜயம். "இந்தப் பக்கமா வந்தேன், அப்படியே பாத்துட்டுப் போலாம்னு" என்பாள். எந்தப் பக்கமாக? ஊருக்கு வெளியே கடைசித் தெருவில், பேருந்துகூடத் திரும்பிப் போகிற இடத்தில் இருக்கிற வீட்டுக்கும் இதையேதான் சொல்வாள். உள்ளே நுழைந்ததும் வாய் மனிதர்களை விசாரிக்கும், கண் தரையை விசாரிக்கும். காய்ச்சலில் படுத்திருந்த பெரியப்பாவைப் பார்க்கப் போனவள், "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கட்டிலுக்கு அடியில் எட்டிப் பார்த்தாள். பெரியப்பா தன் உடம்பைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து அரை மணி நேரம் பதில் சொன்னார், பாவம்.

ஆனால் அத்தைக்கும் ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். இதுவரை இருபத்துமூன்று விரிப்பு கொடுத்திருக்கிறாள். போய்ப் பார்த்த வரையில் எல்லாமே கொடுத்த அன்று இருந்த மாதிரியே பளபளக்கின்றன. முதலில் பெருமையாக இருந்தது. பிறகு சந்தேகம் வந்தது. சில மாதம் கால் பட்டால் வாசலிலிருந்து சமையலறைக்கு ஒரு பாதை விழுமே, வார்னிஷ் மங்குமே, செய்தவளுக்குத் தெரியாதா? ஒரே ஒரு வீட்டிலாவது அந்தப் பாதையைப் பார்த்துவிட வேண்டும் என்று அத்தை ஏங்கினாள். தான் செய்தது யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்பதுதான் அந்த ஏக்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அண்ணன் மகளின் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நின்றுகொண்டு போன் செய்தாள். "இந்தப் பக்கமா வந்தேன்." மேலே ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ விழுகிற சத்தம். ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது.

"வாங்க அத்தை, வாங்க! இப்பத்தான் உங்களைப் பத்திப் பேசிட்டிருந்தோம்" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு மூச்சு வாங்கியது.

கூடத்தின் நடுவில் விரிப்பு. நீலமும் வெள்ளையுமாகக் கட்டங்கள், நடுவில் மஞ்சள் பூ. நாலு மூலையிலும் நாலு சாமான்: ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு தடித்த அகராதி, மாப்பிள்ளையின் உடற்பயிற்சிக் குண்டு, ஒரு குக்கர்.

"என்னம்மா இது, நாலு மூலையிலயும்?"

"அதுங்க எப்பவும் அங்கதான் இருக்கும் அத்தை" என்றாள் அண்ணன் மகள்.

"குக்கருமா?"

"குக்கருந்தான்."

குக்கர் அப்போது 'உஸ்' என்று மெல்ல ஆவி விட்டது.

மாப்பிள்ளை மஞ்சள் பூவின்மேல் இரண்டு காலையும் சேர்த்து வைத்து அசையாமல் நின்றார்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

"பரவாயில்ல அத்தை. நிக்கறது உடம்புக்கு நல்லதாம்."

ஆனால் எட்டாக மடித்த விரிப்பில் வெடிப்பு ஒன்றா இரண்டா? மனிதருக்கு இருப்பதோ இரண்டு கால். அத்தை குனிந்து பார்த்தாள். நெடுக்கிலும் குறுக்கிலும் பெயிண்ட் பிளந்து கிடந்தது. அத்தையின் முகம் விழுந்துவிட்டது.

"மடிச்சியா?"

அண்ணன் மகள் பொய் சொல்லி அலுத்துப்போயிருந்தாள். "மடிச்சேன் அத்தை. பீரோ மேல, பெட்டிக்கு அடியில இருந்துச்சு. ஒரு நாள் போட்டுத்தான் பாத்தேன். அன்னைக்குப் பூரா நாங்க ரெண்டு பேரும் சுவரை ஒட்டியே நடந்தோம். நீங்க சொன்ன அத்தனை விதியையும் நெனச்சா காலே வெக்க வரலை. பயந்துதான் எடுத்து வெச்சுட்டேன்."

"மிதிக்கத்தானேடி குடுத்தேன்!"

"அப்ப உங்க வீட்டுல ஒண்ணுகூட ஏன் அத்தை போடலை?"

"அது... அழுக்காயிடுமேன்னு..."

சொன்ன வார்த்தை அத்தையின் காதிலேயே விழுந்தது. இருபத்துமூன்று விரிப்பு செய்தவளின் கூடம் வெறும் தரை. மாமா அங்கே இன்றைக்கும் பழக்கதோஷத்தில் சுவர் ஓரமாகத்தான் நடக்கிறார். அத்தைக்கு அழுகை வந்தது. கூடவே வெட்கம் கெட்ட சிரிப்பும் வந்தது. குக்கரை எடுத்து ஓரமாக வைத்தாள். "இதை எனக்குக் குடுத்துடு. நான் போட்டுக்கறேன்" என்றாள். மாப்பிள்ளை அதைச் சுருட்டிக் கொடுத்த வேகத்தை மட்டும் அவள் கவனிக்காமலிருந்திருக்கலாம்.

அன்று மாலை வீட்டுக் கூடத்தில் விரித்தாள். குளித்துவிட்டு வந்த மாமா விரிப்பின் விளிம்பில் நின்று, வழக்கம்போல சுவர் பக்கம் திரும்பினார்.

"மிதிங்க."

"ஈரமா இருக்கே காலு?"

அத்தை நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பரவாயில்ல, மிதிங்க!" ஆறு வருஷம் கழித்துத் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நடந்த அந்த மனிதரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. மூன்று மாதத்தில், வாசலிலிருந்து சமையலறைக்கு மங்கலாக ஒரு பாதை விழுந்தது. அதைக் காட்டுவதற்காகவே ஆட்களை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

அத்தை திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? அண்ணன் மகளுக்குப் புதிதாக ஒரு விரிப்பு செய்து எடுத்துக்கொண்டு போனாள். இந்த முறை விதிமுறை ஒன்றுகூட இல்லை.

"இஷ்டம்போல மிதிங்க. ஈரக்காலோட ஏறுங்க, நாற்காலியை இழுங்க, என்ன வேணா பண்ணுங்க" என்றாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, "ரெண்டு மாசம் கழிச்சு வந்து பாப்பேன், பாதை விழுந்திருக்கான்னு" என்றாள்.

இரண்டு மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை காலை, போன் மணி அடித்தபோது, மாப்பிள்ளை கூடத்தில் மண்டிபோட்டு, உப்புத்தாளை வைத்து வாசலிலிருந்து சமையலறை வரை தேய்த்துக்கொண்டிருந்தார். அத்தை வந்தாள், பார்த்தாள், கண் கலங்கிவிட்டாள். இதுவரை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். போன மாதம் நண்பர் வீட்டுக்குப் போனீர்களே, அவர் பேசிக்கொண்டிருந்தபோது உங்கள் கண் எதைத் தேடி அலமாரிப் பக்கம் போயிற்று? நீங்கள் கொடுத்த பூச்சாடியைத் தேடவில்லை என்றால் சந்தோஷம். இதை யாருக்காவது படிக்கக் கொடுத்தால், மறுநாளே "படிச்சாச்சா?" என்று போய் நிற்காதீர்கள். நான் அந்த இனம் இல்லை. எழுதிக் கொடுத்தேன், மறந்துவிட்டேன்.

அது சரி, குக்கர் ஆவி விட்ட இடத்தில் சிரித்தீர்களா, இல்லையா?