கலையரசனின் 0.9

காலை ஏழு மணிக்குக் கலையரசன் தன் ரத்தத்தை எடுத்துத் தானே மெஷினில் வைத்தான். கிட்னி உப்பு 4.8 என்றது.

"சனியன் புடிச்ச மெஷின்," என்றான்.

சிங்கப்பெருமாள் கோயில் ஊரில் அவன் வேலை பார்க்கும் லேப். மெஷின் சரியாகச் சொல்கிறதா என்று சோதிக்க, அளவு தெரிந்த கன்ட்ரோல் சீரம் கம்பெனியிலிருந்து வரும். அது தீர்ந்தால் டெக்னீஷியன் ரத்தம்தான் கன்ட்ரோல். முதலாளி ஜானகிராமன் போட்ட சட்டம். போன தீபாவளிக்கு வைத்தபோது கலையரசன் 0.9. சுத்தமான நார்மல்.

மெஷினைக் கழுவினான். 4.9. புது மருந்து ஊற்றினான். 5.0. பல்பை மாற்றினான். மறுபடி 4.9. செருப்பு வேறு ஒரு வாரமாகக் காலைப் பிடித்தது. எதுவுமே ஒழுங்காக இல்லை.

"வாசல்ல பத்து பேரு குந்திகினு கீறாங்க," என்றார் ஜானகிராமன். "இன்னா பண்ணுவியோ, ஓட்டு."

மெஷினுக்குள் விடையைக் கூட்டிக் குறைக்க ஓர் எண் உண்டு. கலையரசன் தன் ரத்தம் 0.9 காட்டும்வரை அதைக் குறைத்தான். அன்றைக்கு எல்லோர் கிட்னியும் ஜோராக இருந்தது.

வேண்டாம்மாவுக்கு 1.6. வாரம் இரண்டு டயாலிசிஸ் செய்துகொள்பவர். மறுநாளே லட்டு டப்பாவோடு வந்தார்.

"கொலசாமி கண்ணத் தொறந்துச்சுப்பா. இனிமே ஊசி கீசி ஒண்ணும் வாணாம்."

கலையரசன் இரண்டு லட்டு தின்றான்.

நான்காம் நாள் டாக்டர் ராமானுஜம் போன் செய்தார். "வேண்டாம்மா ஐசியூல இருக்காங்க. உன் ரிப்போர்ட்ட நம்பி டயாலிசிஸுக்கே வரல. உயிர் போச்சுன்னா நீதான் பதில் சொல்லணும்."

கலையரசன் போனை வைத்தான். லட்டு டப்பா இன்னும் மேஜைமேல்தான் இருந்தது. ஒரு பொம்பளையைக் கொல்லப் பார்த்தோமே என்று அழுகை வந்தது.

ஊரப்பாக்கத்திலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் அஃப்தாப் வந்தான். மாற்றிய எண்ணைப் பழையபடி வைத்தான். பையிலிருந்த சீல் வைத்த கன்ட்ரோலை ஓட்டினான். புள்ளி பிசகவில்லை. பிறகு, காலையில் தன் ரத்தம் எடுத்து வைத்திருந்த டியூபைக் கலையரசன் நீட்ட, அதையும் வைத்தான். 5.2.

"பாத்தியா? இதத்தான் சொல்றேன்," என்றான் கலையரசன்.

அஃப்தாப் டியூபைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அதில் பெயர் எழுதியிருக்கவில்லை.

"மெஷின் மொத நாள்லேர்ந்தே கரெக்டாதான் சொல்லிகினு கீது, அண்ணாத்த. இந்த பேஷண்ட் யாரு? அவருக்கு யாருனா சொல்லிட்டீங்களா?"