மாமனார் காலில் ஏறிய அட்டை

பயந்த சுபாவக்காரர்களால் யாருக்கும் கெடுதல் வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. சுத்தப் பொய். தைரியசாலி ஒரு காரியத்தைக் கெடுக்க நினைத்தால் கொஞ்சமாவது பாடுபட வேண்டும். பயந்தவன் அதைக் காப்பாற்றப் போனாலே போதும். எங்கள் கம்பனியின் ஒரு பங்கை வெளிநாட்டுக்கு விற்க இருந்த அன்று நான் காப்பாற்றிய அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

'எங்கள் கம்பனி' என்று சொல்லும்போது நெஞ்சு தானாக நிமிர்கிறது. உண்மையில் கம்பனி என் மச்சினன் தினேஷுடையது. கொழும்பில் கம்ப்யூட்டர் படித்தவன். அவனுடைய கூட்டாளி ரிஸ்வான். ஹட்டனில் ரிஸ்வானின் வாப்பா நடத்தும் ஹார்ட்வெயார் கடைக்கு மேல்மாடிதான் எங்கள் ஒஃபிஸ். நானோ கணக்குப் பரீட்சைக்குப் பயந்து, அது வருவதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அதன் பிறகு ஆட்டோக்களின் முதுகில் ஒட்ட முருகன், கழுகு, கண்ணீர் விடும் ஒற்றைக் கண் என்று ஸ்டிக்கர் வெட்டிக்கொண்டிருந்தேன். (அந்த ஒற்றைக் கண்ணுக்கு என்ன துக்கம் என்று இன்றுவரை யாரும் கேட்டதில்லை.) மச்சானுக்குப் படம் வரைய வரும் என்று தினேஷ்தான் என்னைக் கூட்டிப்போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தான்.

நாங்கள் செய்தது ஃபோனில் விளையாடும் ஒரு விளையாட்டு. பெயர் 'கால் ஏறு'. அதில் விளையாடுகிறவர்தான் இரத்தம் குடிக்கிற அட்டை. மழையில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே நெளிந்து நெளிந்து போக வேண்டும். கொழுந்து பறிக்கிற பெண்களின் காலில் ஏறக் கூடாது. ஏறினால் சவர்க்காரமும் உப்பும் பூசிச் சுருட்டிவிடுவார்கள், புள்ளியும் போய்விடும். கடைசியில், காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அங்கே இடுப்பில் கையை வைத்து தோட்டத்தை நடத்தும் வெள்ளைத்துரை நிற்பார். அவருடைய நீளக் காலுறைக்கு மேலே, அரைக் காற்சட்டைக்குக் கீழே ஒரு சாண் கால் தெரியும். அதைக் கவ்வினால் ஜெயம். துரை ஒற்றைக் காலில் குதிப்பார். அந்தத் துரையை வரைந்தது நான்தான். ரோஸ் முகம், தொப்பி, வாழைப்பூ மூக்கு.

மலையகத்தில் டயகமவிலிருந்து வலப்பனை வரை பிள்ளைகள் அதை விளையாடினார்கள். ஆனால் புகழைக் கொடுத்தால் கரண்ட் பில்லுக்கு எடுத்துக்கொள்கிறார்களா? அடுத்த விளையாட்டைச் செய்யக் கையில் ஒன்றும் இல்லை. அந்த நேரத்தில்தான் ஒரு வெளிநாட்டு முதலீட்டாளர் எழுதியிருந்தார்: நேரில் வந்து பார்க்கிறேன், பிடித்தால் சிறு பங்கு வாங்குகிறேன் என்று. பிடிக்காவிட்டால் கடையைச் சாத்துவது என்று முடிவாகியிருந்தது. தினேஷ் கொழும்புக்கு, ரிஸ்வான் கீழே ஆணி நிறுக்க, நான் மறுபடியும் ஆட்டோவின் முதுகுக்கு.

இதில் இன்னொருவரும் இருந்தார். தினேஷின் அப்பா, அதாவது என் மாமனார். தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியை அப்படியே மகன் கையில் கொடுத்ததால் அவரும் ஒரு பங்காளி. அவர் கையொப்பம் இல்லாமல் எதையும் விற்க முடியாது.

தினேஷ் விஷயத்தைச் சொன்னதும் நான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"கம்பனிய வித்துட்டா நாங்கெல்லாம் எங்க போறது?"

"விக்கல மச்சான். சின்னப் பங்கு மட்டுந்தான். லயத்து வீட்டுல ஒரு காம்பராவ மட்டும் வேற ஆளுக்கு விட்டா எப்படி, அந்த மாதிரி. வீடு நம்மளுது."

"காம்பராவுல இருக்கிறவரு அடுப்படிக்கு வந்துட்டா?"

"வந்தா ஒரு பிளேன்டீ ஊத்திக் குடுப்போம்" என்றான் ரிஸ்வான்.

"பிளேன்டீய குடிச்சிட்டு அங்கயே பாயப் போட்டுட்டா?"

"மச்சான், நீங்க போய் படத்த வரைங்க."

போய் வரைந்தேன். வரைந்துகொண்டே யோசித்ததில்தான் வினையே தொடங்கியது. வெளிநாட்டுக்காரர் என்றால் வெள்ளைக்காரர். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு வெள்ளைக்காரரை இவ்வளவு தூரம் மலை ஏற வைத்து, உட்கார வைத்து, ஒரு வெள்ளைக்காரரின் இரத்தத்தை அட்டை உறிஞ்சுவதைப் பெரிய திரையில் காட்டி, "எப்படி சேர், கொஞ்சம் பங்கு வாங்குறீங்களா?" என்றா கேட்கப் போகிறோம்?

என் மனைவி மலர்தான் முதலில் கவனித்தாள்.

"என்னங்க, சோத்தப் பிசைஞ்சிக்கிட்டே இருக்கீங்க? களியாகிருச்சு."

"அவரு கோவிச்சுக்கிட்டா?"

"யாரு?"

"வெள்ளைக்காரரு."

"மனுசன் இன்னும் ப்ளேனே ஏறல. வந்து கோவிச்சுக்கிட்டா அப்ப பாத்துக்கலாம். தம்பிக்கிட்டயாவது ஒரு வார்த்த கேளுங்க."

கேட்டிருக்கலாம். ஆனால் நான் தோட்டத்தில் வளர்ந்தவன். பெரிய துரை வருகிறார் என்றால் அங்கே யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். பாதையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். இடிந்த கக்கூஸுக்கு முன்னால் ஒரே நாளில் வாழை மரம் முளைக்கும். தொழிலாளர்கள் குடியிருக்கிற, ஒழுகுகிற லயத்தின் பக்கம் வண்டி திரும்பாதபடி பாதையில் கட்டை போடுவார்கள். வருகிறவரின் கண்ணில் படக் கூடாததை ஒளித்து வைப்பதுதான் எங்களுக்கு வரவேற்பு. அது எனக்கு யாரும் சொல்லித் தராமலே வந்த பாடம். (நான் தேறிய ஒரே பாடமும் அதுதான்.)

அன்று காலை தினேஷும் ரிஸ்வானும் விருந்தாளியை அழைத்து வர ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஒஃபிஸில் நான் தனியாக இருந்தேன். முதலில் கீழே கடையில் சுண்ணாம்பு வாங்கிப் பூந்தொட்டிகளுக்கு அடித்தேன். கை சூடேறிவிட்டது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். துரையின் முகம் ஒரே ஒரு படம். அதன் இடத்தில் வேறு படத்தைப் போட்டால் விளையாட்டு முழுக்க மாறிவிடும். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்; கம்பனியைக் கவிழ்க்க அவ்வளவே போதுமாக இருந்தது. வெள்ளையாக இருக்கக் கூடாது, ஆனால் பார்த்தால் பயம் வர வேண்டும். யோசிக்க நேரமில்லை. கையை அதன் போக்கில் ஓட விட்டேன். புதர் போல் புருவம், மூக்கு நுனியில் கண்ணாடி, இடது கன்னத்தில் ஒரு மச்சம். பார்த்ததும் எனக்கே பயமாக இருந்தது. அருமை என்று நினைத்து, பழைய முகத்தின் மேலேயே புதியதைப் பதிந்துவிட்டேன்.

முதலில் வந்தவர் மாமா. கோட்டு, டை, பளபளவென்று சப்பாத்து. என்னைப் பார்த்து "ம்" என்றார். (எங்கள் இருவருக்கும் இடையில் அது நீண்ட உரையாடல்.) முன்வரிசையில் நடுக்கதிரையில் உட்கார்ந்தார்.

அடுத்துப் படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. நான் கதவருகே குனிந்து, வாயில் தயாராக இருந்ததைக் கொட்டினேன்: "குட் மோனிங் சேர்!"

நிமிர்ந்தால், தினேஷுக்கும் ரிஸ்வானுக்கும் முன்னால் ஜீன்ஸ் போட்ட ஒரு பெண். என் நிறம். என்னைவிட ஒரு படி கறுப்பு என்றாலும் தப்பில்லை.

"வணக்கம். நான் ஷாமினி, மலேசியாவுல இருந்து. சேர் எல்லாம் வேணாம்லா. படி ஏறி மூச்சு வாங்குது, தண்ணி இருக்கா?"

தண்ணீர் கொண்டு வந்தேன். பாதி தரையில் போனது. மீதிப் பாதியை அவர் குடிப்பதற்குள் ரிஸ்வான் டிவியில் விளையாட்டைப் போட்டுவிட்டான். நான் தினேஷின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கரண்ட் போயிருச்சுன்னு சொல்லிருவோமா?"

"லைட்டு எரியுது மச்சான்."

"லைட்டையும் நிப்பாட்டிட்டு சொல்லுவோம்."

"உங்களுக்கு என்ன செய்யுது? காய்ச்சலா?"

ஷாமினி தானே விளையாட உட்கார்ந்தார். கைதேர்ந்த அட்டை. ஒரு பெண்ணின் காலைக்கூடத் தொடவில்லை, உப்பைத் தாண்டினார், பெரட்டுக் களத்துக்குள் நுழைந்தார். திரையில் காலுறை வந்தது. முழங்கால் வந்தது. அரைக் காற்சட்டை வந்தது. பிறகு மெதுவாக, ஒரு ஆள் உயரத்துக்கு, என் மாமனாரின் முகம் வந்தது.

அட்டை கவ்வியது. அரைக் காற்சட்டையோடு மாமா ஒற்றைக் காலில் குதித்தார்.

"அப்பா?" என்றான் தினேஷ், எந்த அப்பாவைக் கூப்பிடுகிறான் என்றே தெரியாமல். ரிஸ்வான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தோள்கள் மட்டும் குலுங்கின.

மாமா என் பக்கம் திரும்பினார். "யாரு இது?"

"பொதுவா... ஒரு பெரிய மனுசன், மாமா."

"பொதுவான மனுசனுக்கு என் மச்சம் எப்படி வந்துச்சு?"

அப்போதுதான் எனக்கே விளங்கியது. பயமுறுத்தும் முகம் என்று நினைத்ததும் என் கை வேறெங்கும் தேடவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ள ஸ்டிக்கர் வெட்டுறாரு, சரி. வேலை என்ன பாக்குறாரு?" என்று கேட்ட முகத்துக்கு நேராகப் போய்விட்டது.

ஷாமினி ஃபோனைக் கீழே வைத்தார். "துரை எங்க?"

"அவர... எடுத்துட்டேன்" என்றேன்.

"ஏன்? நான் அவருக்காகத்தான் வந்தேன்! எங்க குடும்பமே ரப்பர் தோட்டத்துல பால் மரம் வெட்டிப் பால் எடுத்த குடும்பம். எங்களுக்கும் ஒரு துரை இருந்தாரு. எங்கம்மா நாடகம் பாக்குறத விட்டுட்டு இந்த ஆளக் கடிச்சிக்கிட்டு இருக்காங்க. துரை இல்லாட்டி இது வெறும் அட்டை. வெறும் அட்டைய வாங்க நான் ஏன் ப்ளேன் ஏறி வரணும்?"

மாமா எழுந்தார். "தினேஷு, நான் கையெழுத்துப் போட மாட்டேன். நான் குடுத்த காசுல என் ரத்தத்தயே உறிஞ்சுறீங்களாடா?" டையைக் கழற்றிக்கொண்டே படி இறங்கிவிட்டார்.

வாங்க வந்தவருக்கும் வேண்டாம், விற்க வேண்டியவருக்கும் வேண்டாம். தினேஷ் என்னைத் திட்டவில்லை. கதிரையில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டான். அவன் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ரிஸ்வான்தான் சுவரிலிருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினான். "பழைய துரை என் கம்ப்யூட்டர்ல ஈக்கார். மச்சான் வேலைக்கு வந்த நாள்ல இருந்து எல்லாத்துக்கும் ஒரு கொப்பி எடுத்து வெப்பேன். மச்சானுக்குப் பயந்துதான்."

ஆக, அந்த ஒஃபிஸில் பயந்து பயனுள்ள காரியம் செய்த ஆளும் நான் இல்லை.

துரை திரும்பி வந்தார். மாமாவை அழைத்து வர என்னை அனுப்பினார்கள். கீழே வாளிகளுக்கும் பைப்புகளுக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிச்சிருங்க மாமா."

"நான் பாக்க அவ்வளவு கொடூரமாவா இருக்கேன்?"

"இல்ல மாமா. கண்ணாடி போட்டாத்தான்." (பொய் சொல்லவும் எனக்குப் பயம்.)

நல்லவேளை, ஷாமினியும் பின்னாலேயே இறங்கி வந்தார். "ஐயா, இப்ப உங்க முகம் இல்ல. ஒரே ஒரு தடவ நீங்க ஏறிப் பாருங்க."

மாமா பணம் கொடுத்தாரே தவிர, அதுவரை விளையாட்டைத் தொட்டதில்லை. வேண்டாவெறுப்பாக ஃபோனை வாங்கினார். முதல் தடவை கொழுந்துக்காரி காலில் ஏறி, சவர்க்காரம் வாங்கிச் சுருண்டார். அடுத்த தடவை உப்பில் விழுந்தார். சீமெந்து மூட்டை மேல் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றி விட்டுக்கொண்டார். அடுத்த தடவை கவ்விவிட்டார். துரை குதித்தார். மாமா சிரிக்கவில்லை. உற்றுப் பார்த்தார்.

"இன்னொருக்கா."

மறுபடியும் கவ்வினார். "இது, தூள் கருகிப் போச்சுன்னு எல்லாரு முன்னாலயும் ஏசுனதுக்கு."

பைப் வாங்க வந்தவர் அவரைச் சுற்றிக்கொண்டு போனார். மாமா நகரவில்லை. "இது, மலரு பொறந்தப்ப லீவு குடுக்காததுக்கு."

வேலை செய்த காலம் முழுக்க 'யெஸ் சேர்' என்பதைத் தவிர வேறு சொல்லாத மனிதர், அன்று பகல் சாப்பாடு ஆறிப்போகும் வரை பாக்கி வைத்ததையெல்லாம் தீர்த்தார். பிறகு டையைக் கட்டிக்கொண்டு மேலே வந்தார்.

"எங்க போடணும் கையெழுத்து?"

தினேஷ் காகிதத்தை நீட்டினான். மாமா பேனாவைத் திறந்து, பாதியில் நிறுத்தினார்.

"ஒரு கண்டிசன். இந்தாளயும் வெளையாட்டுக்குள்ள போடணும்." அவர் விரல் என்னை நோக்கியிருந்தது.

"ஒப்பந்தத்துலயே எழுதிருவோம்லா" என்றார் ஷாமினி. எழுதினார்கள். அதற்குச் சாட்சியாகக் கையொப்பம் இட்டவன் நான்.

சிறு பங்கு போனது, கம்பனி நின்றது, இப்போது பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். விளையாட்டின் முதல் படியிலேயே, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு ஒல்லியாக ஒருவன் நிற்பான். அவனுக்கு உப்பும் இல்லை, சவர்க்காரமும் இல்லை. அட்டை ஏறக்கூட வேண்டாம். என்னவோ ஏதோ என்று அவனே குனிந்து பார்ப்பான். புதிதாக விளையாடும் பிள்ளைகள் அவனிடம்தான் கடித்துப் பழகுகிறார்கள். கடிபட்டதும் கத்துகிற குரலும் என்னுடையதுதான். மாமாவே பக்கத்தில் நின்று பதிவு செய்தார். "பயம் பத்தல, இன்னொருக்கா" என்று திரும்பத் திரும்பக் கத்த வைத்தார்.

அதற்குப் பிறகு மலர் என்னோடு சண்டை போடுவதையே விட்டுவிட்டாள். ஃபோனை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போவாள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து என் குரலிலேயே "ஐயோ!" என்று கேட்கும். நான் இருந்த இடத்திலேயே, இன்றைக்கு என்ன தப்புச் செய்தேன் என்று யோசிக்கத் தொடங்குவேன். மாமா வந்திருக்கும் நாட்களில் முன்னறையிலிருந்தும் கேட்கும்.