பத்தரை மணி ராகு

ராகு பகவான் அதுவரை சூரியனைத்தான் விழுங்கிக்கொண்டிருந்தார். 1996 தை மாதத்திலிருந்து பூந்தமல்லி கஜபதி சில்க்ஸில் இருந்த கார்டு மிஷினையும் விழுங்கத் தொடங்கினார். சூரியனை எப்போதாவதுதான்; மிஷினைத் தினமும் ஒன்றரை மணி நேரம். நாட்காட்டியில் ராகு காலம் என்று போட்டிருக்கும் நேரத்தில் மிஷின் செத்துப்போகும். அது முடிந்ததும் உயிர்த்தெழும்.

இந்த அதிசயத்தைப் பார்க்க மாங்காட்டிலிருந்தும் திருமழிசையிலிருந்தும் ஜனங்கள் பஸ் ஏறி வந்தார்கள். வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் மிக்ஸியைத் தூக்கி வந்தார், ஒருவர் டேபிள் ஃபேனை. ஆவடிக்காரர் ஒருவர் ஸ்கூட்டரையே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். கடை மாடியில் குடியிருந்த ராகுதாச சுவாமிகள் எல்லாவற்றுக்கும் எலுமிச்சம்பழமும் கறுப்புக் கயிறும் கட்டி 'ராகு கவசம்' பூட்டினார். மிக்ஸிக்கு ஐம்பத்தொன்று, ஸ்கூட்டருக்கு நூற்றொன்று. ராகுவுக்குச் சக்கரம் எண்ணத் தெரியும்.

"மிஷினுக்கே ராகு காலம் தெரிஞ்சிகீது. மன்சனுக்குத் தெரியலியே," என்று கடை வாசலில் பூ விற்கும் முனியம்மா பூவோடு சேர்த்துப் பக்தியையும் கட்டிக்கொண்டிருந்தாள்.

வேம்புலிக்குத்தான் வயிறு எரிந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு தகரக் கொட்டகைக்குள் அந்த மிஷினை உருவாக்கிய பதினோரு பேரில் அவளும் ஒருத்தி. அதன் ஒவ்வொரு கம்பியும் அவளுக்குத் தெரியும். கார்டின் முதுகில் இருக்கும் கறுப்புப் பட்டை, பாட்டு கேசட்டின் நாடாவுக்குத் தங்கை. பாட்டுக்குப் பதில் எண்கள் பதிந்திருக்கும், அவ்வளவுதான். மிஷினில் இழுத்தால் அது எண்ணைப் படித்து, கடையின் தொலைபேசிக் கம்பி வழியாகவே வங்கிக் கணினியைக் கூப்பிட்டு, 'இவருக்குப் புடவை கொடுக்கலாமா?' என்று கேட்கும். 'கொடு' என்று பதில் வந்ததும் சீட்டு அச்சாகும்.

இது வெள்ளோட்டம். ஒழுங்காக ஓடினால் வங்கி இருநூறு மிஷின் வாங்கும். கடை முதலாளி கஜபதியோ சனிக்கிழமை மிஷினைத் திருப்பி அனுப்புவதாகச் சொல்லிவிட்டார். அனுப்பினால் கொட்டகைக்குப் பூட்டு. பதினோரு பேருக்கும் வேலை போகும்.

வியாழக்கிழமை காலையில் அவள் வந்து, மிஷின் செத்த நேரங்களில் அது துப்பிய பிழைச் சீட்டுகளைப் புரட்டினாள். எல்லாவற்றிலும் ஒரே குறை: லைன் கிடைக்கவில்லை. அப்படியானால் ராகுவுக்குக் கார்டோடும் பகை இல்லை, மிஷினோடும் பகை இல்லை. டெலிபோனோடுதான் பகை.

"அண்ணே, ராகு காலத்துல போனை எடுத்துப் பாத்தீங்களா?"

கஜபதி பதறினார். "இன்னாமா நீ, அந்த நேரத்துல எவனாச்சும் போனைத் தொடுவானா? எங்க நைனா காலத்துலேர்ந்தே தொட்டதில்ல. கெட்ட சேதிதான் வரும்."

"மணி அடிச்சா?"

"மூணு வாரமா அடிக்கறதே இல்லியே. ஊரே திருந்திடுச்சி பாரு."

வேம்புலி சுவரில் ஏறிய கம்பியைக் கண்ணாலேயே தொடர்ந்தாள். அது மாடிக்குப் போனது. மிஷினுக்குக் கவசம் கேட்கும் சாக்கில் அவளும் போனாள். அங்கே கடைப் போனுக்கு இணைப்பாக இன்னொரு போன். பக்கத்தில் சீடன் மனோகரன்.

"தம்பி, மணி இன்னா?"

"இங்க கடியாரம் ஏதுக்கா? கீழ கடைல அடிச்சாதான் தெரியும்."

வேம்புலி கவசம் வாங்காமலே இறங்கி, பக்கத்தில் கைக்கடிகாரம் பழுது பார்க்கும் ஜாபர் அலியிடம் போனாள்.

"கடை கடியாரத்த இருபது நிமிஷம் முன்னால தள்ளி வெக்கணும் பாய். நாளைக்கு மட்டும்."

ஜாபர் அலி கண்ணிலிருந்த லென்ஸைக் கழற்றினார். "எண்ணெய் போடறேன்னு சொல்லிட்டுத் தள்ளிட்றேன். கூடவே ராகுவும் தள்ளி வராரான்னு பாக்கணும்மா."

வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு. கூட்டம் தெருவரை நின்றது. சுவாமிகள் தாமே கீழே இறங்கி வந்திருந்தார். கடிகாரம் பத்தரைக்கான ஒற்றை மணியை அடித்தது.

"வந்துட்டார்," என்று கண்ணை மூடினார் சுவாமிகள்.

வேம்புலி கார்டை இழுத்தாள். லைன் இல்லை. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"ராகு காலம் தொடங்கிடுச்சா சாமி?"

"மிஷினே சொல்லுதே. நான் வேற சொல்லணுமா?"

அப்போது ஜாபர் அலி முழங்கை வரை மூன்று கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார். "மூணும் ரேடியோ பாத்து வெச்சது. மணி பத்து பத்து." கூட்டத்திலிருந்த மணிக்கட்டுகள் எல்லாம் திரும்பின. எல்லாவற்றிலும் பத்து பத்துதான்.

"ராகு வானத்தப் பாத்து வரல சாமி. கஜபதி அண்ணன் கடியாரத்தக் கேட்டு வந்துகிறாரு," என்றாள் வேம்புலி.

சுவாமிகள் அசரவில்லை. "பகவான் சில நாள்ல கொஞ்சம் முன்கூட்டியே வருவாரு. வெள்ளிக்கிழமை ஆச்சே."

மிஷினுக்குள் குட்டி ஸ்பீக்கர் ஒன்று உண்டு. லைன் சரியாகப் போகிறதா என்று பழுது பார்ப்பவர்கள் கேட்பதற்காக வைத்தது. வேம்புலி அதன் சத்தத்தை ஏற்றி, மறுபடி கார்டை இழுத்தாள். உர்ர்ர் என்று எதையோ உறிஞ்சும் சத்தம் கடை முழுக்கக் கேட்டது.

"ராகு டீ குடிக்கிறாரா?" என்றார் ஸ்கூட்டர்காரர்.

"அண்ணே, போனை எடுத்து யாருன்னு கேளுங்க."

கஜபதியின் கை பாதி தூரம் போய் நின்றுவிட்டது. நைனா காலத்துப் பயம். முனியம்மா கல்லாவுக்குள் எட்டி ரிசீவரைப் பிடுங்கினாள்.

"யார்ரா லைன்ல?"

"நான்தாங்க்கா, மனோகரன்," என்றது ஸ்பீக்கர். "சாமியாண்ட சொல்லு, பன்னெண்டு வரைக்கும் ரிசீவர எடுத்து வெச்சிகினு குந்தினு இருந்தா இடுப்பு நோவுது. டீயும் ஆறிப்போச்சி."

கடை சிரித்த சிரிப்பில் புடவை அடுக்கு ஒன்று சரிந்தது. சுவாமிகள் நழுவப் பார்த்தார். முனியம்மா அவர் துண்டைப் பிடித்துக்கொண்டாள். "எங்க போற அண்ணாத்தே? மிக்ஸிக்கு அம்பத்தோரு ரூபா குடுத்தனே, எடு."

கஜபதி தம் கையாலேயே மாடிக் கம்பியைப் பிடுங்கினார். பிறகு உண்மையான பத்தரை மணிக்கு, அசல் ராகு காலத்தில், ஒரு பட்டுப்புடவைக்குக் கார்டு இழுக்கப்பட்டது. மிஷின் கூப்பிட்டது. வங்கி 'கொடு' என்றது. சீட்டு கிறீச்சென்று வெளியே வந்தது. "இது இங்கியே இருக்கட்டும்மா," என்றார் கஜபதி. வேம்புலி சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அம்பத்தூருக்குச் சொல்ல அதே போனை எடுத்தாள். கெட்ட சேதி ஒன்றும் வரவில்லை.

மாடியில் ஒரே ஒரு கை ரிசீவரைத் தூக்கி மூன்று வாரம் ஊரை ஏமாற்றியது. கீழே நூறு கைகள் இருந்தன. எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்வதில் மும்முரமாக இருந்ததால், முதல் நாளே ரிசீவரைத் தூக்கிப் பார்க்க ஒன்றுகூட ஓய்வாக இல்லை. உங்கள் கை இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு தரம் பார்த்துக்கொள்ளுங்கள்.