ஐயனார் கொடுத்த வெள்ளைப் பூ

உ

இலுப்பூர்.

அன்பு மைத்துனர் திருமுருகனுக்கு, அத்தான் ரத்தினவேல் எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் அக்காள் செவந்தி, வாசல் வேப்பமரம் அனைவரும் சௌக்கியம். ஸ்கூட்டி மட்டும் சௌக்கியமில்லை, அந்த விவரம் கீழே வரும். சென்னையில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க நம் ஐயனார் துணை நிற்கட்டும்.

போன் இருக்க லெட்டர் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் நான் ரெண்டு வாக்கியம் பேசுவதற்குள் "அத்தான், நீங்க இப்பச் சொன்னதுக்கு ஒரு பேரு இருக்கு" என்று குறுக்கே விழுந்து, வாயில் நுழையாத ஒரு வியாதியை என் தலையில் கட்டிவிடுகிறீர்கள். மனுஷ மூளை தன்னைத்தானே எப்படியெல்லாம் ஏமாற்றிக்கொள்கிறது என்று கம்பெனி கம்பெனியாகப் போய் வகுப்பெடுப்பது உங்கள் உத்தியோகம், வாழ்க. அதைச் சொந்த அத்தானிடம் எடுக்க வேண்டுமா? கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆகவே விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற இருபதாம் தேதி திருச்சியில் என் கண் ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்திருக்கிறீர்களே, அதற்கு நான் வரவில்லை. தீர யோசித்து எடுத்த முடிவு.

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய பேச்சையெல்லாம் ஒன்று விடாமல் கேட்டேன். அருமையான விஷயங்கள். கேட்கக் கேட்க இந்தத் தெருவில் யாருக்கு எந்தக் கோளாறு என்று பளிச்சென்று தெரிந்தது. தனக்குப் பிடித்ததை மட்டும் காதில் வாங்குகிற கோளாறு உங்கள் அக்காளுக்கு. தப்பான வழி என்று தெரிந்தும், இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று அதிலேயே போகிற கோளாறு எதிர்வீட்டு ஜஸ்டினுக்கு. எனக்கு எது என்று நானும் நேர்மையாகத் தேடிப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை. "தன் முதுகு தனக்குத் தெரியாது அத்தான்" என்றீர்கள். முப்பது வருஷம் கண்ணாடியில் பின்னால் வருகிறவனைப் பார்த்துப் பார்த்து பஸ் ஓட்டியவன் மாப்ளே நான். முதுகு என்ன, முதுகுக்கு அங்கிட்டு ஒரு பர்லாங் தெரியும்.

ஆபரேஷன் வேண்டாம் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. டீக்கடைக் கண்ணனின் மாமனாருக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாசம் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நம் தெருவிலேயே பாதிப்பேர் ஆபரேஷன் செய்துகொண்டு பேப்பர் படிக்கிறார்கள், ஊசியில் நூல் கோர்க்கிறார்கள் என்பீர்கள். இருக்கட்டும், அதில் கேட்க என்ன கதை இருக்கிறது? மாற்றுக் கருத்தும் கேட்க வேண்டும் என்று உங்கள் பேச்சில் வந்ததால் ஜஸ்டினையும் போய்க் கேட்டேன். அவர் என்னைவிட ரெண்டு வருஷம் கூடுதலாக ஆபரேஷனைத் தள்ளிப்போட்டவர். "வேண்டவே வேண்டாம்ணே" என்றார். இதைவிட என்ன விசாரிப்பது? போதாததற்குத் திருவிழாக் கடையில் வாங்கிய மூலிகைச் சொட்டு இன்னும் ரெண்டு புட்டி பாக்கி இருக்கிறது. எரிகிறதுதான். ஆரம்பித்ததைப் பாதியில் விடலாமா?

இருங்கள், வாசலில் யாரோ நிற்கிறார்கள். 

யாருமில்லை, கொடியில் காய்கிற என் வேட்டி. "வாங்க, உள்ள வந்து உக்காருங்க" என்று ரெண்டு தடவை சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்தவர்களை வா என்று கேட்பது நம் குடும்ப வழக்கம், இதைக் கண்ணோடு முடிச்சுப் போட வேண்டாம்.

ஸ்கூட்டி விவரத்துக்கு வருகிறேன். நம் வீட்டு கேட் எப்போதும் திறந்தே கிடக்கும், உங்களுக்கே தெரியும். அன்றைக்கு யாரோ சாத்தியிருக்கிறார்கள். யாரோ என்றால் காலையில் நான்தான். இருந்தாலும் திறந்திருக்கிற கேட் திறந்திருக்கும் என்று நம்பித்தானே மனுஷன் வண்டியை விடுவான்? பின்னால் இருந்த உங்கள் அக்காள் விழுந்தாள். முழங்கையில் சிராய்ப்புதான், எழுந்ததும் என்னைத்தான் தடவிப் பார்த்தாள். அதோடு இனி உங்கள் பின்னால் ஏறமாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

ஏறாதவளை பஸ்ஸில் ஏற்றப் போய்த்தான் அடுத்த வம்பு. புதுக்கோட்டையில் நம் மகள் காவ்யாவின் மாமியார் வீட்டுக் கிரகப்பிரவேசம். எனக்கு வெயில் ஆகாது என்று சீர்த்தட்டோடு அவளை மட்டும் அனுப்பக் கூட்டிப்போனேன். போர்டைப் படிக்க நிமிர்ந்தவளை, "நான் நிக்கையில ஒனக்குப் போர்டு எதுக்கு?" என்று அதட்டி ஏற்றிவிட்டேன். போர்டு படித்து ஏறுகிறவன் பயணி மாப்ளே, டிரைவர் பஸ்ஸின் முகத்தைப் பார்த்தே ஊரைச் சொல்வான். அது விராலிமலை பஸ். கண்டக்டர் டிக்கெட் கேட்டபிறகுதான் தெரிந்து, நடுவழியில் இறங்கி, உச்சிவெயிலில் தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு நின்று, புதுக்கோட்டை போய்ச் சேருவதற்குள் பந்தியே முடிந்துவிட்டது. சம்பந்தியம்மாள் முகத்தைத் தூக்கிக்கொண்டார்கள். இப்போது வருகிற பஸ்ஸெல்லாம் ஒரே முகமாக இருந்தால் நான் என்ன செய்ய? இதையே ஜஸ்டின் செய்திருந்தால் கவனமில்லாத மனுஷன் என்றிருப்பேன். எனக்கு நடந்தது பஸ்ஸின் கோளாறு.

சரி, மனுஷர் பேச்சு வேண்டாம், தெய்வம் சொல்லட்டும் என்று போன வெள்ளிக்கிழமை செவந்தியோடு ஐயனார் கோயிலுக்குப் போய்ப் பூக்கேட்டேன். செவ்வரளி வந்தால் ஆபரேஷன், வெள்ளரளி வந்தால் வேண்டாம். பூசாரி ரெண்டையும் தனித்தனி இலையில் மடித்துக் குலுக்கிப் போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். "செவப்புங்க" என்றார். ஆனால் குலுக்கும்போது தும்மினார், ஆகவே அது செல்லாது. மறுபடியும் சிவப்பு. அப்போது பல்லி வலப்பக்கம் சொல்லிற்று, அதுவும் செல்லாது. மறுபடி போடச் சொல்லி, இந்தத் தடவை பூசாரி வாயைத் திறப்பதற்குள் நானே குனிந்து இலையைப் பிரித்தேன். வெள்ளைப் பூ! கற்பூர வெளிச்சத்தில் என் ரெண்டு கண்ணாலும் பார்த்தேன். "பாத்தியா செவந்தி!" என்று கத்தினேன். பூசாரி ஏதோ சொல்ல வந்து, உங்கள் அக்காள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் ஒன்றும் பேசாமல் பூவை முந்தானையில் முடிந்துகொண்டாள். தெய்வ வாக்கு முன்னால் யாருக்குத்தான் பேச்சு வரும்?

ஆகவே மாப்பிள்ளை, நீங்கள் லீவு போட்டு அலைய வேண்டாம். ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிடுங்கள். தங்கச்சிக்கு என் அன்பும், பிள்ளைகளுக்குப் படிப்பும் ஆயுசும் பெருக என் ஆசியும். 

இப்படிக்கு,
உங்கள் அத்தான்,
ரத்தினவேல்,
ஓய்வுபெற்ற ஓட்டுநர் (சர்வீஸில் ஒரு விபத்தும் இல்லை).

பின்குறிப்பு: கவரை ஒட்டப் பசை தேடி சாமி மாடத்தைத் துழாவியபோது அந்தப் பூ கையில் தட்டுப்பட்டது. வாடியிருந்தது. கும்பிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று ஜன்னல் வெயிலில் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தேன். சிவப்பு மாப்ளே. செவ்வரளி. 

செவந்தியைக் கூப்பிட்டு, "ஏன்டி அங்கயே சொல்லலை?" என்று சத்தம் போட்டேன். "ரெண்டு தடவை சாமி சொல்லியே கேக்கலை, நான் சொன்னா கேப்பீங்களா?" என்றாள். அப்புறம், "நல்லாச் செவப்பா இருந்துச்சுங்க. நீங்க வெள்ளைன்னு சந்தோசமாக் கத்துனீங்க. எனக்கு அழுகை வந்துருச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். 

எனக்குப் பயம் மாப்ளே. கத்தி கண்ணுக்குக் கிட்டே வருமே என்கிற பயம்தான், வேறொன்றுமில்லை. மேலே எழுதியது அத்தனையும் ரத்து. இருபதாம் தேதி நீங்கள் நேரே திருச்சிக்கு வந்துவிடுங்கள். நாங்கள் பஸ்ஸில் வருகிறோம், போர்டை உங்கள் அக்காள் படிப்பாள். இதற்கும் ஒரு பேர் வைத்திருப்பீர்கள், கட்டுப் பிரித்த பிறகு சொல்லுங்கள்.